37 கிலோவாட் ப்ளோயர் மோட்டார், பேனல்ல இருந்து 140 மீட்டர் – பழைய 16 எம்எம் கேபிளே போதுமா?

ராணிப்பேட்ட_மெயின்டனன்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். நான் ராணிப்பேட்டைல ஒரு தோல் கம்பெனில எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பாக்கறேன். எங்க ஈடிபில (கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட்) ஏரேஷன் டேங்குக்கு காத்து குடுக்கற ரூட்ஸ் ப்ளோயர் ஒண்ணு இருக்கு, இப்ப 22 கிலோவாட் மோட்டார் (30 ஹெச்பி), டேங்க் பெருசு பண்ணதால ப்ளோயரையும் மாத்தி 37 கிலோவாட் (50 ஹெச்பி) ஐஇ3 (எஃபிஷியன்சி கிளாஸ்) மோட்டார் வாங்கியாச்சு, மோட்டார் வந்து ஷெட்ல கெடக்குது. நேம் பிளேட்ல 415 வோல்ட், 65 ஆம்ப்ஸ், பவர் ஃபாக்டர் 0.86.

ஸ்டார் டெல்டா ஸ்டார்டர் (மொதல்ல ஸ்டார் கனெக்ஷன்ல கம்மி கரண்ட்ல கெளப்பி, அப்புறம் டெல்டாக்கு மாத்தற பெட்டி) மெயின் பேனல் ரூம்ல இருக்கு. அங்க இருந்து ப்ளோயர் வரைக்கும் 140 மீட்டர், மண்ணுக்கடியில 3 கோர் 16 ஸ்கொயர் எம்எம் அலுமினியம் பிவிசி ஆர்மர்ட் கேபிள் ரெண்டு ரன் போகுது. அந்த கேபிள் நல்லாதான் இருக்கு, மெக்கர் (இன்சுலேஷன் டெஸ்ட்) வேல்யூவும் நல்லா வருது. மேனேஜர் "ஸ்டார்டர மட்டும் மாத்து, கேபிள் எதுக்கு"ன்னு கேக்கறாரு. தோண்டறதுன்னா நடுவுல கான்க்ரீட் ரோடு ஒண்ணு கிராஸ் ஆகுது, அதான் அவருக்கு கவல. கேபிள் மாத்தணுமா வேணாமா, மாத்தணும்னா என்ன சைஸ், அவருகிட்ட காட்டற மாதிரி கணக்கோட யாராச்சும் சொல்லுங்க.

வாலாஜா_வயர்மேன்

இன்னாபா இதுக்கு போயி இவ்ளோ யோசிக்கிற. ஸ்டார் டெல்டால ஒரு கோர்ல 65 ஆம்ப்ஸ் போவாது, 65ஐ 1.732 ஆல வகுத்தா 37.5 தான். 16 எம்எம் அலுமினியம் பிவிசி மண்ணுக்குள்ள 60 ஆம்ப்ஸ் தாங்கும், டேபிள்லயே கீது. 60 தாங்கற கேபிள்ல 37 போனா அதுக்கு இன்னா ஆவும், ஒண்ணும் ஆவாது. நா இந்த சிப்காட் சைடுல போட்ட மோட்டார் எல்லாம் இந்த கணக்குதான், இன்னிக்கும் ஓடிக்கினு கீது. ஸ்டார்டரும் ஓவர்லோடு ரிலேவும் மாத்து, கேபிள தொடாத.

காட்பாடி_ஓம்

வயர்மேன் அண்ணே சொல்ற 60 ஆம்ப்ஸ் சரியான நம்பர்தான், ஐஎஸ் 3961 (கேபிள் எவ்ளோ கரண்ட் தாங்கும்னு சொல்ற இந்திய ஸ்டாண்டர்ட்) டேபிள்ல 16 எம்எம் அலுமினியம் பிவிசிக்கு மண்ணுல 60, காத்துல 51. ஆனா அந்த டேபிள் சொல்றது கேபிள் சூடாகி வீணா போகாதுங்கறத மட்டும்தான். 140 மீட்டர் தாண்டி மோட்டார் கைக்கு எத்தனை வோல்ட் போய் சேருதுன்னு அந்த டேபிளுக்கு தெரியாது.

கணக்கு போடுவோம். 16 எம்எம் அலுமினியம் 20 டிகிரில கிலோமீட்டருக்கு 1.91 ஓம். பிவிசிக்கு 70 டிகிரி வரை போகலாம், அந்த சூட்டுல 2.29 ஓம் ஆகிடும். ரியாக்டன்ஸ் சுமாரா 0.08. பவர் ஃபாக்டர் 0.86 வச்சா 2.29 × 0.86 + 0.08 × 0.51 = 2.01. ட்ராப் (கேபிள்லயே போயிடற வோல்டேஜ்) = 1.732 × 37.5 × 0.14 × 2.01 = 18.3 வோல்ட். 415ல 4.4 பர்சென்ட். மோட்டார் ஓடும்போது 3 பர்சென்ட்டுக்குள்ள வைக்கறதுதான் நாங்க வழக்கமா எடுக்கறது. ஸோ 16 பத்தாது தம்பி.

அப்புறம் முக்கியமா, உங்க பேனல்ல பீக் டைம்ல எவ்ளோ வோல்டேஜ் இருக்கு? அதை சொல்லாம யாரும் எதுவும் சொல்ல முடியாது.

ராணிப்பேட்ட_மெயின்டனன்ஸ்

சார், எங்களுக்கு எச்டி (ஹை டென்ஷன்) கனெக்ஷன், சொந்த 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர். பகல்ல டிரம் எல்லாம் சுத்தும்போது பேனல்ல 392 காட்டுது, ராத்திரி 425 வரைக்கும் ஏறும்.

வாலாஜா_வயர்மேன்

4.4க்கும் 3க்கும் ஒண்ணரை பர்சென்ட் வித்தியாசம். அதுக்கு போயி ரோட்ட ஒடைக்க சொல்றீங்கோ சார்.

குடியாத்தம்_பேனல்

ஓம் சார், கணக்குல ஒரு எடம் இடிக்குது. 1.732 பெருக்கறது எப்போ? ஒரே ஒரு 3 கோர் கேபிள்ல லைன் கரண்ட் போகும்போது. இங்க ஆறு ஒயர், ஸ்டார்டர் பேனல்ல இருக்கு. டெல்டால ஒவ்வொரு வைண்டிங்கும் ரெண்டு பக்கமும் தனித்தனி கோர் வழியா பேனல் வரைக்கும் வந்துதான் சேருது. அதாவது ஒரு வைண்டிங்கோட கரண்ட் ஒரு கோர்ல போய் இன்னொரு கோர்ல திரும்பி வருது. வைண்டிங்குக்கு கெடைக்கற வோல்டேஜ் = பேனல் வோல்டேஜ் கழித்தல் ரெண்டு கோர் ட்ராப். ஸோ 1.732 இல்ல, 2. கணக்கு 2 × 37.5 × 0.14 × 2.01 = 21.1 வோல்ட், 5 பர்சென்ட்டுக்கு மேல.

நான் பேனல் கட்டறவன், இந்த தப்ப நெறைய ட்ராயிங்ல பாத்திருக்கேன், பெரிய கன்சல்டன்ட் ட்ராயிங்லயும்.

காட்பாடி_ஓம்

2ங்கறது சரி, ஏத்துக்கறேன். ஆனா 70 டிகிரிங்கறதையும் சேத்து மாத்தணும். 60 தாங்கற கேபிள்ல 37.5 போனா அது 70 டிகிரிக்கு போகவே போகாது. சூடு கரண்டோட ஸ்கொயர்ல ஏறும், 37.5/60 ஸ்கொயர் பண்ணா 0.39. மண்ணு 30 டிகிரின்னு வச்சா 70க்கு 40 டிகிரி ஏறணும், அதுல 39 பர்சென்ட், ஒரு 16 டிகிரி. நம்மூர் மண்ணு கத்திரி வெயில்ல 30ல நிக்காது, ரெண்டு கேபிள் பக்கத்துல பக்கத்துல வேற கெடக்குது, கண்டக்டர் 50 டிகிரின்னு எடுங்க. அப்போ 2.15 ஓம் கிட்ட வரும். 2.15 × 0.86 + 0.04 = 1.89. 2 × 37.5 × 0.14 × 1.89 = 19.8 வோல்ட்.

நான் மொதல்ல சொன்னது 18.3, ஃபைனல் 19.8. ஃபார்முலால கொறைஞ்சத சூட்டுல கூட்டி வச்சிருந்தேன், பாதி பாதி அடிச்சு போச்சு. ஆனா கேபிள் ஃபுல் லோடுல இருந்தா இந்த மாதிரி அடிச்சு போகாதுங்கறத ஞாபகம் வச்சுக்கோங்க.

பாலாறு_கரை

இப்போ ரெண்டு பேரும் பேப்பர்ல சண்ட போடறீங்க. தம்பி, பழைய 22 கிலோவாட் மோட்டார் இன்னும் ஓடுது இல்ல? பேனல்லயும் மோட்டார் டெர்மினல்லயும் ஒரே நேரத்துல ரெண்டு பேர் நின்னு மீட்டர் வச்சு பாருங்க, க்ளாம்ப்ல லைன் கரண்டும் எடுங்க. கேபிள் அதேதான், அதுவே பதில் சொல்லிடும். ஷாக் அடிக்காம பாத்துக்கோங்க, டெர்மினல் பாக்ஸ் தொறந்து வச்சு மீட்டர் வைக்கறது வெளையாட்டு இல்ல, கிளவுஸ் போட்டு ஒருத்தர் பக்கத்துல நிக்கணும்.

ராணிப்பேட்ட_மெயின்டனன்ஸ்

பாத்துட்டேன். பேனல்ல 392, மோட்டார் பக்கம் டெல்டால U1-U2 (ஒரு வைண்டிங்கோட ரெண்டு முனை) நடுவுல 380. லைன் கரண்ட் 41 ஆம்ப்ஸ்.

குடியாத்தம்_பேனல்

சூப்பர் தம்பி. 41ஐ 1.732 ஆல வகுத்தா கோர்ல 23.7 ஆம்ப்ஸ். 2 ஃபார்முலால கணக்கு போட்டா 11.9 வரும் (இந்த கரண்ட்ல கேபிள் கொஞ்சம் கூலா இருக்கும், பழைய மோட்டாருக்கு பவர் ஃபாக்டர் 0.85ன்னு எடுத்தேன்). 1.732 போட்டா 10.3 தான். நீங்க அளந்தது 12. முடிஞ்சது.

இதையே 65க்கு ஏத்துங்க: 12 × 65/41 = 19 வோல்ட். பேனல்ல 392, மோட்டாருக்கு 373 இல்ல 372. 415க்கு மைனஸ் பத்து பர்சென்ட் எவ்ளோ தெரியுமா, 373.5. அந்த கோட்டு மேலயே மோட்டார் நிக்கும், பகல் பூரா.

வோல்டேஜ் கொறைஞ்சா மோட்டார் சும்மா இருக்காது, ப்ளோயர் கேக்கற வேலைய குடுக்க கரண்ட கூட்டி இழுக்கும். 65 இடத்துல 72 இழுக்கும், அந்த 72க்கு கேபிள்ல ட்ராப் இன்னும் கூடும். ரிலே ட்ரிப் ஆகிட்டே இருக்கும், யாராச்சும் வந்து செட்டிங்க கூட்டி விடுவாங்க, ஒரு நாள் வைண்டிங் போயிடும், "மோட்டார் கம்பெனி சரியில்ல"ன்னு ரீவைண்டிங் கடைக்கு தூக்கிட்டு போவாங்க.

வாலாஜா_வயர்மேன்

ரிலே செட்டிங்க கூட்டறவன் வயர்மேன் கெடையாது, அது மேனேஜரு சொல்லி ஆப்பரேட்டரு பண்ற வேல. அத எங்க தலைல கட்டாதீங்கோ.

ஆனா 372ன்னு கேட்டா எனக்கும் கொஞ்சம் இடிக்குது. சரி 25 எம்எம் ரெண்டு ரன் போடு.

ஆம்பூர்_ஈடிபி

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நானும் ஈடிபி சைடுதான். ஓடும்போது ட்ராப் பத்தி எல்லாரும் பேசறீங்க, ஸ்டார்ட் ஆகும்போது என்னன்னு யாரும் கேக்கல. ரூட்ஸ் ப்ளோயர்ங்கறது சென்ட்ரிஃபூகல் ஃபேன் மாதிரி இல்ல, கான்ஸ்டன்ட் டார்க் லோடு. தண்ணிக்குள்ள டிஃப்யூசர் மேல நாலு மீட்டர் தண்ணி நின்னா அந்த ப்ரெஷரை எதிர்த்துதான் மொத சுத்துல இருந்து சுத்தணும். ஸ்டார்ல மோட்டாரோட டார்க் மூணுல ஒண்ணு. பைபாஸ் வால்வ் (காத்த வெளிய விட்டு ப்ரெஷர கொறைக்கறது) தொறந்து வச்சு ஸ்டார்ட் பண்றீங்களா இல்ல அப்படியேவா?

எங்க பக்கம் ஒரு யூனிட்ல ஆப்பரேட்டர் வால்வ மூடி வச்சே ஸ்டார்ட் பண்ணுவாரு, ஸ்டார்ல பாதி ஸ்பீடுல முனகிட்டே நிக்கும், டைமர் முடிஞ்சு டெல்டாக்கு மாறும்போது தடால்னு ஒரு சத்தம், எம்சிசிபி (பெரிய பிரேக்கர்) விழும். மூணு பேர் வந்து பாத்து கேபிளதான் கொற சொன்னாங்க.

ப்ளோயர் ரொம்ப நேரம் நிக்க முடியாது பாய், ஏரேஷன் டேங்க்ல பாக்டீரியாவுக்கு காத்து போகணும், நின்னா ஒரு நாள்ல நாத்தம் ரோட்டுக்கு வந்துடும்.

ராணிப்பேட்ட_மெயின்டனன்ஸ்

பாய், பைபாஸ் வால்வ் இருக்கு, ஆனா கையால தொறக்கறது. பகல் ஷிஃப்ட் ஆளு தொறப்பாரு, ராத்திரி ஆளு தொறக்க மாட்டாரு. இப்ப இருக்கற 22லயே சில நேரம் அந்த தடால் சத்தம் வரும்.

காட்பாடி_ஓம்

பாய் கேட்டது நல்ல கேள்வி, போட்டு பாக்கலாம். டைரக்ட் ஆன்லைன்ல ஆறு மடங்குன்னு வச்சா 390 ஆம்ப்ஸ், ஸ்டார்ல அதுல மூணுல ஒண்ணு, 130. ஸ்டார் கான்டாக்டரும் பேனல்லதான் இருக்கு, ஸோ 130 ஆம்ப்ஸ் ஒரு கேபிள்ல 140 மீட்டர் போய், வைண்டிங் வழியா இன்னொரு கேபிள்ல 140 மீட்டர் திரும்பி வந்து பேனல்ல ஸ்டார் பாயின்ட்ல சேருது. ஸ்டார்டிங் பவர் ஃபாக்டர் ரொம்ப கம்மி, 0.3ன்னு வைங்க. 16 எம்எம்முக்கு 2.15 × 0.3 + 0.08 × 0.95 = 0.72. ஒரு ஃபேஸுக்கு 2 × 130 × 0.14 × 0.72 = 26 வோல்ட். ஃபேஸ் வோல்டேஜ் 240, அதுல 11 பர்சென்ட் கேபிள்லயே போச்சு.

டார்க் வோல்டேஜோட ஸ்கொயர்ல போகும். கேபிளால 0.79, பேனல்ல ஏற்கனவே 392 இருக்கறதால இன்னொரு 0.89, பெருக்கினா 0.7. ஏற்கனவே மூணுல ஒண்ணா இருக்கற டார்க்குல 70 பர்சென்ட்தான் மிச்சம். ராத்திரி ஆளு வால்வ தொறக்கலேன்னா மோட்டார் முனகாம என்ன பண்ணும்.

25 எம்எம் எக்ஸ்எல்பிஇ (பிவிசிய விட சூடு தாங்கற இன்சுலேஷன்) ரெண்டு ரன் போட்டா ஓடும்போது 12.6 வோல்ட், சரியா 3 பர்சென்ட் கோட்டுல. ஸ்டார்ட்ல 7.3 பர்சென்ட். 35 எம்எம் போட்டா ஓடும்போது 9.2 வோல்ட், ஸ்டார்ட்ல 5.6. என் ஓட்டு 35 ரெண்டு ரன்.

ஆரணி_ரைஸ்மில்

நான் இன்ஜினியர் இல்லீங்க, மில் வச்சிருக்கேன், சும்மா படிச்சிட்டு இருந்தேன். ஒரு சந்தேகம். ஸ்டார்டர் பெட்டிய எதுக்கு 140 மீட்டர் தள்ளி வைக்கணும்? எங்க மில்லுல ஹல்லர் மோட்டார், எலிவேட்டர் மோட்டார் எல்லாத்துக்கும் ஸ்டார்டர் மோட்டார் பக்கத்து செவுத்துலதான் இருக்கு. பேனல்ல இருந்து ஒரே ஒரு கேபிள் வரும், பெட்டில இருந்து மோட்டாருக்கு ஆறு ஒயர் நாலு மீட்டர். கேபிளும் கம்மி தானே?

குடியாத்தம்_பேனல்

இத மொதல்லயே நான் கேட்டிருக்கணும்.

ஆரணி அண்ணன் சொன்னத கணக்கு போட்டு பாக்கறேன், இருங்க. ஸ்டார்டர மோட்டார் பக்கத்துல கொண்டு போனா, அந்த பழைய 16 எம்எம் ரெண்டு ரன்னும் ஆறு ஒயரா தேவையில்ல, ரெண்டையும் பேரலல் பண்ணி ஒரே ஃபீடர் ஆக்கிடலாம். ஃபேஸுக்கு 32 எம்எம். ஓடும்போது 1.732 × 65 × 0.14 × 0.945 = 14.9 வோல்ட், 20ல இருந்து 15க்கு வந்துடுச்சு. இது பெருசில்ல, ஸ்டார்ட்ட பாருங்க: 130 ஆம்ப்ஸ் இனிமே திரும்பி வர வேணாம், போனா ஸ்டார் பாயின்ட் அங்கயே இருக்கு, அதுவும் ரெண்டு கேபிள்ல பாதி பாதியா போகுது. தூரம் பாதி, ரெசிஸ்டன்ஸ் பாதி, ட்ராப் நாலுல ஒண்ணு. 11 பர்சென்ட் இருந்தது 2.7 பர்சென்ட். கேபிள் அதே கேபிள், ஒரு மீட்டர் கூட புதுசா வாங்கல, பெட்டிய மட்டும் நகத்தினோம்!

ராணிப்பேட்ட_மெயின்டனன்ஸ்

அப்போ தோண்டவே வேணாமா??? மேனேஜர் காலை தொட்டு கும்பிடுவாரு.

காட்பாடி_ஓம்

அவசரப்படாதீங்க. பேரலல்ல ரெண்டு பிரச்சனை. ஒண்ணு, ஒரு கேபிள்ல ஒரு லக் (கேபிள் முனைல மாட்டற டெர்மினல்) லூஸ் ஆனா மொத்த 65 ஆம்ப்ஸும் இன்னொரு 16 எம்எம்ல போகும், அது தாங்கறது 60, கோடை மண்ணுல அதுக்கும் கம்மி. ஓவர்லோடு ரிலே 65ஐ சரின்னுதான் சொல்லும், மேல இருக்கற எம்சிசிபி 100 ஆம்ப்ஸ், அதுவும் கண்ண மூடிக்கும். யாருக்கும் தெரியாம ஒரு கேபிள் வெந்துட்டு இருக்கும். அதுவும் ஈடிபி பக்கம் லக் எவ்ளோ நாள் நல்லா இருக்கும்னு பாய்கிட்ட கேளுங்க.

ரெண்டு, ஷார்ட் சர்க்யூட். 500 கேவிஏ, 433 வோல்ட்னா ஃபுல் லோடு 667 ஆம்ப்ஸ், இம்பிடன்ஸ் 4.5 பர்சென்ட்னா பஸ்பார்ல 14.8 கிலோ ஆம்ப்ஸ் வரலாம். அலுமினியம் பிவிசி ஒரு எம்எம்முக்கு ஒரு செகண்டுக்கு 76 ஆம்ப்ஸ், 16 எம்எம்னா 1.2 கிலோ ஆம்ப்ஸ், எம்சிசிபி 20 மில்லிசெகண்ட்ல விழுந்தாலும் 8.6 கிலோ ஆம்ப்ஸ் தான் தாங்கும். பேனல் பக்கத்துலயே கேபிள் அடிபட்டா கரண்ட் லிமிட்டிங் எம்சிசிபி இல்லாம அந்த 16 தாங்காது. இது இப்பவே இருக்கற பிரச்சனை, யாரும் கவனிக்கல அவ்ளோதான்.

பெட்டிய நகத்தறது அருமையான யோசனை, அதுல மாற்று கருத்து இல்ல. ஆனா ஃபீடர் புதுசா ஒரு ரன் போடுங்க.

வாலாஜா_வயர்மேன்

பேரலல் நானும் போட்டு கீறேன், லக்கு சரியா க்ரிம்ப் பண்ணா ஒண்ணும் ஆவாது. ஆனா ரெண்டு கேபிளும் ஒரே நீளம் இருக்கணும், ஒண்ணு சுத்தி போயி ஒண்ணு நேரா வந்தா நேரா வர்றதுல கரண்ட் ஜாஸ்தி போவும். சர்ரி, ஈடிபி பக்கம் வேணாம், ஒத்துக்கறேன்.

ஆம்பூர்_ஈடிபி

லக் பத்தி கேட்டீங்களே. சுண்ணாம்பு சல்ஃபைடு தண்ணி வர்ற எடத்துல ஹைட்ரஜன் சல்ஃபைடு காத்துல இருக்கும், காப்பர் ஆறு மாசத்துல கருப்பாயிடும், பச்சை பூத்துடும். கான்டாக்டர் ஆக்ஸிலரி எல்லாம் பிடிச்சுக்கும். பெட்டிய டேங்க் பக்கத்துல வைக்காதீங்க, ப்ளோயர் ரூம் தனியா இருந்தா அதுக்குள்ள, காத்து வர்ற பக்கம் பாத்து வைங்க. எம்எஸ் (சாதா இரும்பு) பெட்டி வேணாம், எஃப்ஆர்பி (ஃபைபர் பிளாஸ்டிக்) இல்லன்னா ஸ்டெயின்லெஸ், ஐபி 65 (தூசி, தண்ணி போகாத ரேட்டிங்), கேஸ்கெட் நல்லதா. கேபிள் கீழ இருந்துதான் உள்ள வரணும், மேல இருந்து வந்தா மழை தண்ணி கேபிளோடவே உள்ள வந்துடும். அலுமினியம் கேபிளுக்கு பைமெட்டாலிக் லக், உள்ள ஜாயின்டிங் காம்பவுண்ட் தடவி, டபுள் கம்ப்ரெஷன் கிளாண்ட்.

ராணிப்பேட்ட_மெயின்டனன்ஸ்

ப்ளோயர் ரூம் தனி ரூம்தான் பாய், டேங்க்ல இருந்து ஒரு இருபது அடி தள்ளி. சரி, அப்போ ஒரு ரன் புதுசுன்னா சைஸ் எவ்ளோ சார்? ஒரே ரன்ல 65 போகுதே, 35 போதுமா?

காட்பாடி_ஓம்

எக்ஸ்எல்பிஇ எடுங்க, பிவிசி வேணாம். எக்ஸ்எல்பிஇ 90 டிகிரி வரை தாங்கும். 35 எம்எம் அலுமினியம் எக்ஸ்எல்பிஇ மண்ணுல சுமார் 113 ஆம்ப்ஸ், 50 எம்எம் 133, கம்பெனி கேட்லாக் பாத்துக்கோங்க. கரண்டுக்கு 35ஏ போதும். ட்ராப் கணக்கு: 35க்கு 13.8 வோல்ட் (3.3 பர்சென்ட்), 50க்கு 10.4 (2.5), 70க்கு 7.3 (1.8). ஸ்டார்ட்ல 50க்கு 2.2 பர்சென்ட் தான்.

உங்களுக்கு 50. 392ல இருந்து 381 கெடைக்கும். 70 போட்டா இன்னும் 3 வோல்ட் மிச்சம், காசுக்கு லாயக்கில்ல.

மேனேஜர் 35 போதும்னு இழுத்தா இத காட்டுங்க: 35க்கும் 50க்கும் கேபிள்ல சூடா போற நஷ்டம் 3 × 65 × 65 × 0.14 × 0.254, கிட்டத்தட்ட 450 வாட். ஒரு நாளைக்கு 20 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள்னா 2700 யூனிட். யூனிட் எட்டு ரூபான்னு வச்சாலும் வருஷம் 21 ஆயிரம் ரூபாய்க்கு மேல மண்ணுக்கு சூடு போடறீங்க. 140 மீட்டர் கேபிள் வெல வித்தியாசத்த கடைல கேட்டு பாருங்க, அவரே 50ன்னு சொல்லிடுவாரு.

குடியாத்தம்_பேனல்

பழைய ஐடியா ரெண்டு ரன் 35ன்னா ஆறு கோர், மொத்தம் 210 எம்எம் அலுமினியம். இப்ப 3.5 கோர் 50ன்னா 150, ப்ளஸ் அரை கோர் 25. கேபிளும் கம்மி, ட்ரெஞ்சும் சின்னது, ட்ராப் கிட்டத்தட்ட அதே. அந்த அரை கோர்ல நியூட்ரல் கொண்டு போயிட்டா பெட்டிக்கு 230 வோல்ட் கன்ட்ரோல் சப்ளை அங்கயே கெடைக்கும்.

பெட்டில ரிலே எங்க உக்காருதுன்னு பாருங்க. மெயின் கான்டாக்டருக்கு கீழ இருந்தா ஃபேஸ் கரண்ட்தான் பாக்கும், 65 × 0.58 = 37.7ல செட் பண்ணணும். 65ல வச்சுட்டு "ட்ரிப்பே ஆகல, சூப்பர் ஸ்டார்டர்"னு சொன்ன ஆளுங்கள பாத்திருக்கேன். இன்கமர் பக்கம் லைன்ல இருந்தா 65.

அப்புறம் அந்த ராத்திரி ஆளு பிரச்சனைக்கு பைபாஸ் வால்வ சொலினாய்டு வால்வா மாத்தி, டெல்டாக்கு மாறின அப்புறம்தான் மூடற மாதிரி டைமர்ல கட்டிடலாம், பெட்டி இப்ப பக்கத்துலயே இருக்கறதால ஒயர் நாலு மீட்டர்.

பாலாறு_கரை

விஎஃப்டி (மோட்டார் ஸ்பீட மாத்தற ட்ரைவ்) போட்டா என்ன? ஏரேஷனுக்கு டிஓ (தண்ணில கரைஞ்ச ஆக்ஸிஜன்) பாத்து ஸ்பீடு கொறைக்கலாமே, கரண்ட் பில்லும் மிச்சம்.

குடியாத்தம்_பேனல்

போடலாம், நல்லதுதான், ஆனா அதயும் மோட்டார் பக்கத்துலதான் வைக்கணும். பேனல் ரூம்ல ட்ரைவ் வச்சு 140 மீட்டர் கேபிள் இழுத்தா பல்ஸ் மோட்டார் டெர்மினல்ல முட்டி திரும்பும், டிசி பஸ் 587 வோல்ட்னா டெர்மினல்ல அதுல ரெண்டு மடங்கு கிட்ட வரலாம், வைண்டிங் இன்சுலேஷன் தாங்குமான்னு மோட்டார் கம்பெனிகிட்ட கேக்கணும், அவ்ளோ தூரத்துக்கு அவுட்புட் ஃபில்டர் வேற போடணும். ஈடிபி காத்துல ட்ரைவ் போர்டு தாங்கறதும் கஷ்டம். இப்போ ஸ்டார்டர் போட்டு வைங்க, 50 எம்எம் ஃபீடர் இருக்குல்ல, பின்னாடி ட்ரைவ் வந்தாலும் அதே ஃபீடர் போதும்.

ஆரணி_ரைஸ்மில்

கெப்பாசிட்டர் மோட்டார் பக்கத்துல போட்டா கேபிள் கரண்ட் கொறையும்னு எங்க எலக்ட்ரீஷியன் சொல்லுவாரு, உண்மையா?

காட்பாடி_ஓம்

உண்மைதான். 0.86ல இருந்து 0.98க்கு கொண்டு வந்தா ஃபீடர்ல 65 இடத்துல 57 தான் போகும். பெட்டி இன்கமர் பக்கம் தனி கான்டாக்டர் வச்சு, மோட்டார் டெல்டாக்கு வந்த அப்புறம் சேரற மாதிரி போடணும். ஸ்டார் டெல்டா கான்டாக்டருக்கு கீழ வைண்டிங்கோட நேரா கட்டிடாதீங்க, மாறும்போது வம்பு.

டிரான்ஸ்ஃபார்மர் டேப் (அதுல வர்ற வோல்டேஜ கூட்டி கொறைக்கற செட்டிங்) பத்தியும் ஒண்ணு சொல்லணும். பேனல்ல 392ங்கறதே கொறைச்சல். ஒரு டேப் ஏத்தினா 2.5 பர்சென்ட், ஒரு பத்து வோல்ட். ராத்திரி 425 இருக்கறது 435 ஆகும், ப்ளஸ் 5 பர்சென்ட்டே 435.7 தான், கோட்டு பக்கத்துல நிக்கும். ஸோ ஞாயித்துக்கிழமை ஷட்டவுன்ல பாருங்க, ராத்திரி லோடு இல்லாதப்போ ஒரு வாரம் வோல்டேஜ் எழுதி வச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. ஆஃப் சர்க்யூட் டேப்னா எச்டி, எல்டி ரெண்டு பக்கமும் ஆஃப் பண்ணி, டிஸ்சார்ஜ் பண்ணி, எர்த் போட்டுட்டுதான் கை வைக்கணும்.

ராணிப்பேட்ட_மெயின்டனன்ஸ்

மேனேஜர்கிட்ட பேசிட்டேன். அந்த 392, 380 ரெண்டு நம்பரையும் எழுதி காட்டினதும் மறுபேச்சு பேசல, நஷ்டக் கணக்க பாத்துட்டு 50க்கு ஓகே சொல்லிட்டாரு. 3.5 கோர் 50 அலுமினியம் எக்ஸ்எல்பிஇ ஆர்மர்ட், ஸ்டார்டர் ப்ளோயர் ரூம்ல, எஃப்ஆர்பி பெட்டி. ரோடு கிராஸிங்ல பைப் போட்டு இழுக்கறோம், ஒடைக்கறது ஒரே ஒரு எடம்தான்.

எவ்ளோ ஆழம் தோண்டணும்? கான்ட்ராக்டர் ஒண்ணரை அடி போதும்னு சொல்றாரு.

வாலாஜா_வயர்மேன்

ஒண்ணரை அடி அவன் கூலிக்கு போதும், கேபிளுக்கு பத்தாது. ரெண்டரை அடி, 750 எம்எம். கீழ மணல், மேல மணல், அதுக்கு மேல செங்கல்லு வரிசையா, அப்பால மண்ணு. ரெண்டு பக்கமும் ஒரு சுத்து கேபிள் லூப் விடு, நாளைக்கு கிளாண்டு வெட்டி மறுபடி போடணும்னா வேணும். மோட்டாருக்கு எர்த் ரெண்டு தனித்தனியா, ஒண்ண ஒண்ணோட சேத்து கட்டிட்டு ரெண்டுன்னு சொல்லாத. பெட்டிக்கும் தனி. ஆர்மர ரெண்டு பக்கமும் கிளாண்டுல எர்த் பண்ணு. 22 எடுத்துட்டு 37 வைக்கற, ஃப்ரேம் 180ல இருந்து 225 ஆவுது, ஃபவுண்டேஷன் போல்ட்டு ஓட்ட சேராது, பேஸ் பிளேட்டு மொதல்ல சொல்லி வை, இல்லன்னா கேபிள் ரெடியா கெடக்கும் மோட்டார் நிக்காது.

இன்னொண்ணு, அந்த பழைய 16 எம்எம்ம தோண்டி எடுத்தா ஸ்க்ராப்புக்கு போடாத, எனக்கு ஃபோன் பண்ணு. கலவை பக்கம் ரெண்டு பம்பு செட்டுக்கு தேவ கீது.

ராணிப்பேட்ட_மெயின்டனன்ஸ்

ஒண்ணு ஸ்லட்ஜ் பம்புக்குன்னு முடிவு பண்ணிட்டோம் ணா, இன்னொண்ணு ரோட்டுக்கு கீழயே ஸ்பேரா கெடக்கட்டும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. பேஸ் பிளேட் விஷயம் நல்ல வேளை சொன்னீங்க, நாளைக்கு காலைல ஃபேப்ரிகேஷன்காரர்கிட்ட போறேன்.

வாலாஜா_வயர்மேன்

ஸ்பேருன்னா ரெண்டு முனையும் எண்ட் கேப் போட்டு மூடி, டேக்கு கட்டி வை. தண்ணி ஏறிட்டா அது ஸ்பேரு இல்ல.